நான் இல்லாத ஸ்டோர்

எங்கள் தீவில், ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துப் படகு பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்த காலத்தில், பக்தவத்சலத்தின் மண்டைதான் ஸ்டோர் என்று எல்லோரும் சொல்வார்கள். என் மண்டைக்கு அதைக் கேட்க அலுத்ததே இல்லை.

மெயின்லாண்டிலிருந்து கப்பல் வரும். இறங்கிய சாமானை அப்படியே ஒரு மூலையில் அடுக்குவோம். அடுத்த கப்பலுக்கு அடுத்த மூலை. போல்ட்டுக்கு ஒரு இடம், பெயின்டுக்கு ஒரு இடம் என்பதெல்லாம் கிடையாது. வெங்காயம் அழுகி வந்த கப்பலின் சாமான் ஜன்னலோரம். புதுசாக டாக்டரம்மா வந்திறங்கிய கப்பல் கதவுக்குப் பின்னால். புயலில் தாமதித்த கப்பல் பரண்மேல். ஒரு வால்வு வேண்டுமென்றால் அது எந்தக் கப்பலில் வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கு மட்டும் தெரியும். மிஸ்திரிகள் வாசலில் நின்று, "பக்த சாப், மிலேகா?" என்று, கிடைக்குமா என்பதை ஹிந்தியில் கேட்பார்கள். நான் கண்ணை மூடிக் கொஞ்சம் தாமதித்து, பிறகு எடுத்துக் கொடுப்பேன். தாமதம் மரியாதைக்காக. தேடவேண்டிய அவசியமில்லை.

விருதுநகரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் தங்கத்துக்கு அந்த வருஷம் தலைப்பிரசவம். லீவு கேட்டேன். நீர் போனால் ஸ்டோரை யார் பார்ப்பது என்று இல்லையென்றுவிட்டார்கள். டாலிகஞ்ச்சில் இருந்த எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தேன். என் மனைவி அன்னம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"சுட்டி கெடச்சுதா? லீவு குடுத்தாங்களா?"

"நான் இல்லாட்டி பட்டறையே நின்னுடுமாம், அன்னம்."

"அத ஏன் சிரிச்சிக்கிட்டே சொல்றீங்க?"

அந்தச் சமயத்தில்தான் இராமகிருஷ்ணன் என்ற இன்ஜினியர் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தார். இனிமேல் வரப்போகும் வேலைகளுக்குக் கையும் ஞாபகமும் போதாது, புதிதாக யோசிக்கத் தெரியவேண்டும் என்று சனிக்கிழமை பிற்பகல்களில் எங்களை உட்காரவைத்து வகுப்பு நடத்தினார். எந்தச் சிக்கலுக்கும் அடுத்த கப்பல் வரட்டும் என்பதைத் தாண்டி நாங்கள் யோசித்தவர்கள் இல்லை. கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"நாளைக்கு நீங்க வேலைக்கு வரலைன்னா என்ன ஆகும்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். வெல்டர், வேறொருவன் வெல்டு வைப்பான் என்றான். என் முறை வந்ததும் எழுந்து நின்றேன்.

"பட்டறை நின்னுடும் சார்."

சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"அது உங்க திறமையா, பட்டறைக்கு வந்த சீக்கா? யோசிச்சு ரெண்டு வாரம் கழிச்சு சொல்லுங்க" என்றார்.

வீட்டில் ஈஸிசேரில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்தேன்.

"உடம்புக்கு என்ன?" என்றாள் அன்னம்மாள்.

"யோசிக்கிறேன்."

"அப்ப உங்க மகளையும் சேத்து யோசிங்க. வயித்தத் தூக்கிக்கிட்டு அவ கடல் தாண்டி இங்க வர முடியுமா? தாய்வீடுதான் கப்பலேறிப் போகணும்."

அவள் உள்ளே போய்விட்டாள். லீவு இல்லை, ஏனென்றால் என்னைத் தவிர யாருக்கும் இடம் தெரியாது. இடம் தெரியாது, ஏனென்றால் நான் கப்பல்வாரியாக அடுக்கியிருக்கிறேன். என் லீவை மறித்துக்கொண்டிருந்தது எந்த அதிகாரியும் இல்லை, நான்தான். போல்ட்டைப் போல்ட்டோடு வை. எந்த மளிகைக் கடைக்காரனுக்கும் தெரிந்த இந்த விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டு, விஞ்ஞானி மாதிரி இரண்டு நாள் வீட்டுக்குள் உலாவினேன்.

என்னோடு ஸ்டோரில் வேலை பார்த்த குழந்தைவேலுவும் நானுமாகப் பிரித்து அடுக்க ஆரம்பித்தோம். அவன் நாலு பிள்ளைக்குத் தகப்பன், நிதானமான ஆள். எல்லாம் முடியப்போகும் நேரத்தில், "அண்ணே, ஜன்னலோரம் அப்படியே இருக்கே?" என்றான்.

"அது இருக்கட்டும்ப்பா."

"எதுக்கு அண்ணே?"

எதுக்கென்று எனக்குத் தெரியும். ஒரு மூலையாவது என்னைக் கேட்டுத்தான் திறக்கவேண்டும் என்ற ஆசை. அந்த மூலை அப்படியே இருந்தால் என் லீவும் அதற்குள்ளேயே கிடக்கும் என்பதும் தெரிந்தது. மூன்று நாள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடமாடினேன். நாலாவது நாள் நானே போய் முதல் பெட்டியைத் தூக்கினேன்.

சொன்ன சனிக்கிழமை இன்ஜினியர் ஸ்டோருக்கே வந்தார். புது அடுக்கையும் லீவு விஷயத்தையும் சொன்னேன். சோதித்துப் பார்க்க முக்கால் அங்குல வால்வு ஒன்று கேட்டார். என் கால் தானாக ஜன்னலோரம் போய்விட்டது. அங்கே பெயின்ட் டின்கள் இருந்தன. கண்ணை மூடிப் பார்த்தேன். வால்வு எந்தக் கப்பலில் வந்தது என்று துல்லியமாகத் தெரிந்தது. எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. அதற்குள் குழந்தைவேலு வால்வைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்துவிட்டான்.

"பிரமாதம்" என்றார் இன்ஜினியர். "கண்டுபிடிச்சவருக்கே வழி தெரியல, மத்தவருக்குத் தெரியுது. இதுக்குமேல என்ன நிரூபணம் வேணும்? லீவு எத்தனை நாள் வேணுமோ எடுத்துக்கோங்க. அவசரமே இல்ல."

அவசரமே இல்லை என்ற வார்த்தையைச் சுமந்துகொண்டு வீடு வந்தேன். அன்னம்மாள் அன்றைக்கே ட்ரங்கு பெட்டியை இறக்கிவிட்டாள்.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? நல்ல சேதிதானே?"

"நல்ல சேதிதான்."

சாத்தம் துறையில் கப்பலேறி மேல்தளத்தில் நின்றிருந்தோம். ஏணியை எடுக்கும் நேரம், கீழே ஜெட்டி மேடையில் குழந்தைவேலு ஓடி வருவது தெரிந்தது. என் நெஞ்சு நிமிர்ந்தது. கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து, கண்ணைக்கூட மூடித் தயாரானேன்.

"என்னப்பா, எது கிடைக்கல?"

"அண்ணி, உங்க வெத்தலைப் பை. வண்டியிலேயே விட்டுட்டீங்க" என்று மூச்சிரைக்க அவளிடம் எறிந்தான். பிறகு என்னைப் பார்த்து, "ஸ்டோர்ல எல்லாம் கிடைக்குது அண்ணே. நீங்க நிம்மதியா இருந்துட்டு வாங்க" என்றான்.