லூச்சி ஆறிப்போன மதியம்

தொண்ணூற்றாறில் நாங்கள் கல்கத்தாவில், ஜாதவ்பூர் பக்கம் ஒரு மூன்றாவது மாடி ஃபிளாட்டில் குடியிருந்தோம். கணவருக்கு மத்திய அரசு வேலை. திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் என் முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. வளைகாப்புக்கு நாள் குறித்து, கண்ணாடி வளையல்கூட வாங்கி வைத்திருந்தோம். அதன்பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினால் அம்மா, "அதையே நெனச்சிக்கிட்டுக் கெடக்காத. நல்லா சாப்புட்டு ஒடம்பத் தேத்து" என்பார். அம்மா சொன்னதை நான் தட்டாமல் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒன்றைத்தான்.

கணவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை, பாவம். ஆபீஸ் விட்டு வரும்போது கரியாஹாட்டில் இறங்கி, மண்சட்டியில் இனிப்புத் தயிரும் ஒரு அட்டைப்பெட்டி சந்தேஷும், அந்த ஊர்ப் பால் இனிப்பு, வாங்கி வருவார். குளிர்காலம் வந்தால் புது ஈச்சவெல்லத்தில் செய்த சந்தேஷ். அடடா, அந்த வாசனை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது! அவர் பெட்டியை வைப்பார், நான் சாப்பிடுவேன். எங்களுக்குள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான். பகலில் தனியாக இருக்கும்போது மிச்சத்தை முடிப்பேன். அது தீர்ந்தால் மிக்சர், அதுவும் தீர்ந்தால் சர்க்கரை டப்பா. அழுகை வருகிற மாதிரி இருந்தால் வாயில் ஏதாவது போட்டுக்கொள்வேன், அடங்கிவிடும். ரவிக்கையெல்லாம் பிரித்துத் தைத்தாயிற்று. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் பிரஷர் மாத்திரை வேறு எழுதிக் கொடுத்துவிட்டார்.

எதிர் ஃபிளாட்டில் ஏறக்குறைய என் வயதில் ஒரு வங்காளிப் பெண் இருந்தாள். அவர்கள் வழக்கப்படி 'பௌதி', அதாவது அண்ணி என்று கூப்பிடுவேன். அவள் ஹிந்தியும் என் அரைகுறை ஹிந்தியும் எப்படியோ ஒத்துப்போயின. கொஞ்ச நாளாக அவள் என் காய்கறிப் பையைப் பிடுங்கிக்கொண்டு மாடி ஏறினாள். "மெதுவா, மெதுவா" என்றாள். இலந்தைப்பழ ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் எவ்வளவு பாசம் என்று நினைத்து ஊறுகாயையும் ஒரு கை பார்த்தேன்.

ஒருநாள் மதியம் சாப்பிடக் கூப்பிட்டாள். போனால் கூடத்தில் மாக்கோலம், விளக்கு, பெரிய வெண்கலத் தட்டில் லூச்சி என்கிற மைதா பூரி, விதவிதமாகப் பொரித்த காய்கள், பாயசம். எனக்காகவே மீன் இல்லாத சமையல். பக்கத்தில் ஒரு புதுப்புடவை. அவளுடைய தோழிகள் இரண்டு பேர் சங்கு ஊதினார்கள்; அங்கே அது மங்கல ஒலி.

என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"உனக்குத்தான் ஷாத். மாசமா இருக்கிறவங்களுக்கு உங்க ஊர்ல செய்ய மாட்டாங்களா? உன் அம்மா தூரத்துல இருக்காங்க, அதான் நான் செய்யறேன்" என்றாள். ஷாத் என்றால் அவர்கள் ஊர் வளைகாப்பு.

அவமானத்தில் உடம்பெல்லாம் கூசிப்போனது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வர, கை தன்பாட்டுக்கு ஒரு லூச்சியைப் பிய்த்து வாயில் போட்டது. ஆனால் அன்றைக்கு அது தொண்டையில் இறங்கவே இல்லை.

"குழந்தை இல்ல பௌதி. ஒண்ணு இருந்துச்சு, போயிடுச்சு. இது வெறும் சதை" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. தோழிகளை மெல்ல அனுப்பிவிட்டு வந்து, தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"பொண்ணா, பையனா?"

அதுவரை என்னை யாருமே அதைக் கேட்டதில்லை. "பொண்ணு" என்றேன். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. பாப்பாவுக்குத் தலை நிறைய முடி இருந்ததை, பெட்டியில் கிடக்கும் வளையல்களை, எல்லாவற்றையும் சொன்னேன். ஹிந்தி தீர்ந்துபோய்த் தமிழிலேயே சொல்லி அழுதேன். அவளும் அழுதாள்.

வெயில் இறங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்போ பசிக்குதா?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். பசித்தது! எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நிஜமான பசி.

"அப்போ சாப்பிடு. உன் பொண்ணுக்கு நடக்க வேண்டியது பாக்கி இருந்துச்சில்ல, அதுதான் இது" என்று தட்டை இழுத்து வைத்தாள்.

ஆறி, வறட்டி மாதிரி ஆகியிருந்தது லூச்சி. அப்படியொரு ருசியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு போதும் என்றது. அன்று மாலை கணவர் வந்ததும் அவரிடமும் குழந்தையைப் பற்றிப் பேசினேன். காத்திருந்தவர் மாதிரி அவரும் உடைந்து அழுதார். சந்தேஷ் பெட்டியை நாங்கள் பிரிக்கவே இல்லை.

உடம்பு ஒரே நாளில் இளைத்துவிடவில்லை. தினமும் காலையில் பௌதி என்னை ஏரிப் பக்கம் இழுத்துப்போய் நடக்கவைத்தாள். ஒரு வருடத்துக்கும் மேல் ஆயிற்று, ரவிக்கைகளை மறுபடி பிடித்துத் தைக்க. சந்தேஷை மட்டும் அடியோடு விட மனசு வரவில்லை. கல்கத்தாவில் இருந்துகொண்டு அதை விடுவது பாவம்.

இரண்டாயிரத்து நாலில் திருச்சிக்கே திரும்பிவிட்டோம். இப்போதும் மனசு சரியில்லாத நாளில் கை தானாக முறுக்கு டப்பாவுக்குப் போகும். திறக்கும் முன், "பசிக்குதா?" என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். இல்லை என்று தெரிந்தால் டப்பாவை மூடிவிட்டு யாருக்காவது போன் போடுகிறேன், பெரும்பாலும் பௌதிக்குத்தான்.