தட்டில் செத்த கிருமி

தட்டைத் திறந்ததுமே கத்திவிட்டேன். பக்கத்து மேசையில் இரத்தக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்த என் கூட்டாளி பதறிப்போய், "என்னக்கா, ஒடஞ்சிருச்சா?" என்று ஓடிவந்தாள். உடையவில்லை. என் அக்காவின் சிறுநீரிலிருந்து வளர்த்த கிருமி, தட்டு முழுக்கப் பாய் விரித்த மாதிரி படர்ந்திருந்தது. நடுவில் சிப்ரோஃப்ளாக்சசின் மருந்து தோய்த்த, பொட்டு அளவு வில்லை ஒன்று. அதைச் சுற்றி மட்டும் பெரிய வட்டமாகத் துடைத்துவிட்டது போல் சுத்தமாக இருந்தது. அந்த வட்டத்துக்குள் கிருமி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தேன். நம்பிக்கை வராமல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை அளந்தேன்.

அருப்புக்கோட்டையில், விடிந்ததிலிருந்து தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் இருக்கும் சின்ன லேப்பில் எனக்கு வேலை. கிருமி வளர்ப்பதுதான் என் பிழைப்பு. எந்த மருந்துக்கு எது சாகும் என்று பார்த்து எழுதிக் கொடுப்பேன். சிப்ரோ வில்லையைச் சுற்றி இப்படி ஒரு வட்டம் விழுந்து பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. ஊரில் தும்மினால் ரெண்டு, வயிற்றைக் கலக்கினால் ரெண்டு என்று சிப்ரோ மாத்திரையை இஷ்டத்துக்கு வாங்கிப் போட்டுப் போட்டு, கிருமிகளுக்கு அது பழகிப்போய்விட்டது. முக்கால்வாசித் தட்டுகளில் வில்லைமேல் ஏறிப் படுத்துக்கொள்ளாத குறையாக ஜாம் ஜாம் என்று வளர்ந்து கிடக்கும். இது அப்படி இல்லை. அக்காவின் கிருமி அசல் பயந்தாங்கொள்ளி.

எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அக்காவுக்கு ஒரு சிறுநீரகம்தான் வேலை செய்கிறது. வலதுபக்கத்து சிறுநீரகம் கல் அடைத்து, கவனிக்காமல் விட்டு, சுருங்கிப்போய் வருடக்கணக்காகிறது. எம்.ரெட்டியபட்டியில் பருத்திக் காட்டு வெயிலில் நாள் முழுக்க நின்றுவிட்டு, ஒன்றுக்குப் போக மறைவிடம் இல்லையென்று தண்ணீர் குடிக்காமலே இருந்தால் வேறென்ன ஆகும்? திங்கட்கிழமை குளிர்காய்ச்சல் வந்தது. இடதுபக்க விலாவுக்குக் கீழே தொட முடியாத வலி. டாக்டரம்மா சிறுநீரை எனக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்தே சிப்ரோ மாத்திரையைக் காலையும் மாலையும் போடச் சொன்னார். இருக்கிற ஒரே சிறுநீரகத்துக்கும் தொற்று ஏறியிருந்தது.

தட்டு சொன்னது நல்ல செய்தி. ஆனால் அன்றைக்குப் புதன்கிழமை; காலையோடு அக்கா நான்கு மாத்திரை போட்டாகிவிட்டது, அனல் குறையவில்லை. போன் போட்டால் அத்தான், "நூத்தி மூணு இருக்குத்தா. போர்வைய விட்டு வரமாட்டேங்கா" என்கிறார். வட்டத்தையும் பார்க்கிறேன், போனையும் பார்க்கிறேன், எனக்குக் கிறுக்குப் பிடிக்கிற மாதிரி இருந்தது.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"தட்டுல கேக்குற மருந்து ஆளுக்கு ஏன் கேக்கல? உள்ள எங்கயாச்சும் கல்லு அடச்சு சீழ் கட்டியிருந்தா மருந்து போய்ச் சேராது. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பாப்போம். எறங்கலன்னா மதுரைக்குக் கூட்டிட்டுப் போய்ச் சேத்துருங்க. இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. அதுவும் போச்சுன்னா வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ்தான்."

அக்கா ஊசியைக் கண்டாலே ஓடுகிறவள். வாரத்துக்கு மூணு நாள் என்றதும் எழுந்துவிட்டேன். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, லேப் முதலாளியிடம் சீக்கிரம் போக வேண்டுமென்று சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

அத்தான் ஓட்டுவது ஷேர் ஆட்டோ. நான்கு மணி சவாரிக்கு டவுனுக்கு வந்தவர் என்னையும் ஏற்றிக்கொண்டார். உள்ளே ஏற்கெனவே ஏழு பேர், ஒரு தவிட்டு மூட்டை. மூட்டைக்காரப் பெண் என் மடியில் பாதியை வைத்துவிட்டாள். அத்தான் ரோட்டைப் பார்க்காமல் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பவர் பத்தலையோ? நல்ல பவரான மாத்திரையா எழுதச் சொல்லுத்தா."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. சிப்ரோவைப் பவர் இல்லாத மாத்திரை என்று யாராவது சொன்னால் என்னால் தாங்க முடியாது. கல்லூரியில் அந்தப் பாடம் நடந்த அன்றைக்குச் சாப்பிடக்கூட மறந்து வீட்டில் கொடிக்கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு விளையாடியவள் நான்.

"அத்தான், ரெண்டு புரிக் கயிற நடுவுல பிரிச்சு இழுத்திருக்கீகளா?"

"ஏன், தெனமும் மூட்ட கட்டுறேனே."

"இழுக்க இழுக்க முன்னால என்னாகும்?"

"முறுக்கு ஏறும். அப்புறம் சுருண்டு சிக்கு விழுந்துரும்."

"அதேதான்!" என்று மூட்டையைத் தட்டினேன், தவிடு பறந்தது. சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. கிருமி கண்ணுக்கே தெரியாத பொடிசு. அதற்குள்ளே அதன் உடம்பைவிடப் பல நூறு மடங்கு நீளமான டி.என்.ஏ., ரெண்டு புரி முறுக்கிய கயிறு மாதிரி அடைந்து கிடக்கிறது. கிருமி ரெண்டாகப் பெருக வேண்டுமென்றால் அந்தக் கயிற்றைப் பிரித்துத்தான் நகல் எடுக்க வேண்டும். பிரிக்கப் பிரிக்க முன்னால் முறுக்கு ஏறும். அந்த முறுக்கை எடுக்க ஜைரேஸ் என்று ஒரு நொதி வைத்திருக்கிறது. அது கயிற்றை ஓரிடத்தில் வெட்டும். வெட்டிய சந்து வழியாகக் கயிற்றின் இன்னொரு பகுதியை நுழைத்துவிடும். பிறகு வெட்டின இடமே தெரியாமல் ஒட்டிவிடும். ஒரு நொடிகூட ஓய்வில்லாமல் இதே வேலை.

"சிப்ரோ என்ன செய்யும் தெரியுமா? வெட்டுற வரைக்கும் கம்முனு இருக்கும். ஒட்டப் போற நேரத்துல கையப் புடிச்சுக்கிரும். வெட்டுனது வெட்டுனபடியே கெடக்கும். கயிறு துண்டு துண்டாப் போகும், கிருமி செத்துரும்!"

மூட்டைக்காரப் பெண்தான் முதலில் கேட்டாள். "ஆத்தாடி! அப்ப நம்ம கயிறையும் வெட்டிப்புடாதா?"

என்ன அருமையான கேள்வி! அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நமக்குள் இருக்கிற நொதி வேறு தினுசு, மாத்திரையில் இருக்கிற அளவுக்கு அது அசையாது என்று சொன்னேன். அவள் நிம்மதியாகத் தவிட்டு மூட்டையில் சாய்ந்துகொண்டாள். அத்தான் மட்டும் விடவில்லை.

"இம்புட்டு வெவரமான மாத்திர, எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் ஏன் சும்மா இருக்கு?"

மீதி வழி முழுக்க அதையேதான் மனசுக்குள் புரட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குப் போனபோது அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்து, கண் சிவந்து, பாதி ஆளாகப் போயிருந்தாள். கட்டிலுக்குக் கீழே மதுரைக்குப் போக ஒரு பை தயாராக இருந்தது. என்னைப் பார்த்ததும், "வாடி, கிருமிக்காரி" என்று சிரிக்கப் பார்த்தாள். மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா என்று அட்டையை எடுத்து எண்ணினேன். சரியாக நான்கு குழி காலி.

மணி ஆறானது. "மாத்திர போடணும்" என்று அவளே எழுந்தாள். பெரிய சில்வர் டம்ளரில் மோர் ஊற்றினாள். அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற, ரோஸ் நிறத்தில் கூழ் மாதிரி இருக்கும் மருந்து. அதில் ரெண்டு மூடி அளந்து மோரில் விட்டு, ஸ்பூனால் கலக்கி, மாத்திரையை நாக்கில் வைத்து டம்ளரைத் தூக்கினாள்.

நான் பாய்ந்தேன். டம்ளர் பறந்து போய்க் கதவில் மோதியது. ரோஸ் மோர் சுவரெல்லாம் தெறித்தது. "துப்பு! மாத்திரையத் துப்பு!" என்று கத்தினேன். பயத்தில் துப்பிவிட்டாள். மற்றவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிய அத்தான் ஆட்டோவை நிறுத்தியும் நிறுத்தாமலும் உள்ளே ஓடிவந்தார்.

"பேய் புடிச்சிருக்காடி ஒனக்கு?" என்றாள் அக்கா.

"திங்கக்கெழமையிலருந்து இப்பிடித்தான் குடிக்கியா?"

"ஆமா. சூடு மாத்திரடி இது. வெறும் தண்ணில போட்டா வயித்துல அடுப்பெரியும்."

புரிந்துவிட்டது! கல்லும் இல்லை, சீழும் இல்லை. மோரில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அந்த ரோஸ் மருந்தில் இருப்பதோ அலுமினியமும் மெக்னீசியமும். சிப்ரோவை இரைப்பையிலேயே கப்பென்று பிடித்துக்கொண்டு, குடலைத் தாண்டி இரத்தத்துக்குள் போக விடாது. மோர் கொஞ்சம் பிடிக்கும், ரோஸ் மருந்து பெரும்பகுதியைப் பிடித்துவிடும். கிருமியின் கயிற்றை அறுக்க வேண்டிய மருந்து, கிருமி இருக்கிற பக்கமே போகாமல் மலத்தோடு போய்க்கொண்டிருந்திருக்கிறது. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. குதித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"எந்தக் கூறுகெட்ட ஆளு இப்பிடிக் குடிக்கச் சொன்னது?" என்று கேட்டேன்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீதான்."

"நானா?"

"மூணு வருசத்துக்கு முன்னால முட்டிவலி மாத்திர வாங்கியாந்து குடுத்தேல்ல? சூடு மாத்திரக்கா, வயித்தப் புண்ணாக்கும், மோரு குடி, இந்த ரோஸ் மருந்தயும் குடின்னு சொன்னேல்ல? அன்னைலருந்து எந்த மாத்திரன்னாலும் இப்பிடித்தான். லேப்புல இருக்க தங்கச்சி சொன்னான்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

கூறுகெட்ட ஆள் நானேதான். கீழே உட்கார்ந்துவிட்டேன். அவளுடைய ஒரே சிறுநீரகத்தை மூன்று நாளாக வேக வைத்தது, போகிற போக்கில் நான் சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தை. டாக்டரம்மா சொன்னதைக்கூட அவள் என் பேச்சில் கரைத்துத்தான் குடித்திருக்கிறாள். அழுகையும் வந்தது, கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் சிரிப்பும் வந்தது. அத்தான் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்துவிட்டுத் துணி எடுத்துச் சுவரைத் துடைத்தார்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "அடக் கடவுளே" என்றார். பிறகு, "இப்பவே வெறும் தண்ணில ஒண்ணு குடுங்க. ரோஸ் மருந்து கண்ணுலயே படக்கூடாது. வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் டைம். ஆனா வாந்தி எடுத்தாலோ, ஒண்ணுக்குப் போறது கொறஞ்சாலோ காத்திருக்காதீங்க, நேரா மதுரைதான்" என்றார்.

வியாழக்கிழமை நான் லேப்புக்குப் போகவில்லை. காலையில் நூற்றி மூன்று. மத்தியானம் நூற்றி இரண்டரை. அரை டிகிரி இறங்கியதற்கே தெருச் சனத்தையே கூட்டப் பார்த்தேன், அத்தான்தான் அடக்கினார். சாயங்காலம் மறுபடி நூற்றி மூன்று ஆனதும், கட்டிலுக்கடியில் இருந்த பையை இழுத்து வாசல் பக்கம் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்து பால்காரர் மணி அடித்ததும் கண் விழித்தேன். அக்காவின் தலையணை தொப்பலாக நனைந்திருந்தது. நெற்றி முழுக்க வேர்வை. தெர்மாமீட்டரைக் கக்கத்தில் வைத்து எடுத்தேன். தொண்ணூற்றொன்பது. அளந்ததையே மறுபடி அளப்பது என் பழக்கம், மறுபடி அளந்தேன். தொண்ணூற்றொன்பதேதான்.

"அத்தான்! எறங்கிருச்சு! எறங்கிருச்சு!"

அவர் பல் விளக்கிக்கொண்டிருந்த வேப்பங்குச்சியோடு ஓடிவந்து அக்காவின் நெற்றியில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. அக்கா கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றாள். நான் அடுப்படிக்கு ஓடினேன். சந்தோஷத்தில் எனக்கு உப்பு எது சர்க்கரை எது என்று தெரியவில்லை, கஞ்சியில் சர்க்கரையைப் போட்டுவிட்டேன். அவள் அதையும் மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

கஞ்சி குடித்த தெம்பில் மெல்ல எழுந்து வாசலில் போய் உட்கார்ந்தாள். எதிர்வீட்டு அக்கா, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று நாலைந்து பேர் நலம் விசாரிக்கக் கூடிவிட்டார்கள். நான் உள்ளே மாத்திரைக்குத் தண்ணீர் மோந்துகொண்டிருந்தேன். அக்காவின் குரல் கணீரென்று கேட்டது. நாலு நாளாக முனகிக்கொண்டிருந்த குரல்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க. இனிமே எந்த மாத்திரன்னாலும் மோரு தொடக்கூடாது, ரோஸ் மருந்து தொடக்கூடாது. வெறும் வயித்துல வெறும் தண்ணிதான். லேப்புல இருக்க என் தங்கச்சி சொல்லிட்டா!"

எதிர்வீட்டு அக்கா முட்டிவலி மாத்திரை போடுகிறவர். வயிற்றில் ஏற்கெனவே புண். டம்ளரை அங்கேயே போட்டுவிட்டு, செருப்புக்கூடப் போடாமல், "இல்லக்கா! எல்லா மாத்திரைக்கும் இல்லக்கா!" என்று கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினேன்.