காய்ச்சல் என்று சொல்லும் வேலை

உங்கள் தாத்தா குடித்தவரா என்று பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், ஆமாம் என்று சொல்லுங்கள். தலையைக் குனிந்துகொண்டு சொல்ல வேண்டாம், நிமிர்ந்தே சொல்லுங்கள். தாத்தாவிடம், அதாவது என் அப்பாவிடம், கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “எழுதுடா, வேணும்னா எம்பேரக்கூடப் போட்டுக்க” என்றார். நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதத்தான் தெரியும்.

அப்போது நாங்கள் சேரங்கோடு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குத் தேயிலைக்கு மருந்தடிக்கும் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. காலையில் எல்லோரும் பெரட்டுக்களத்தில் கூடுவார்கள். யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்று கணக்கப்பிள்ளை அங்கேதான் பிரித்துவிடுவார். சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் என்பதால் எங்கள் ஆட்கள் வாயில் அந்தக் காலத்துப் பெயர்கள்தான் வரும்.

திங்கட்கிழமைகளில் அப்பாவால் எழுந்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை குடித்தது மறுநாள் மத்தியானம் வரைக்கும் இறங்காது. பெரட்டுக்குப் போய் அவருக்கு லீவு சொல்வது என் வேலை. அம்மாவும் அங்கேதான் நிற்பாள். ஆனால் பொய் சொன்னால் அவள் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் நான் சொல்லும்போது கூடைக் கயிற்றைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வாள்.

அந்த வேலையில் நான் கெட்டிக்காரன். முதலில் காய்ச்சல் என்றேன். அப்புறம் பல்வலி, கால் சுளுக்கு. சிலோனில் இருந்த ஒரு சித்தப்பாவை இரண்டு முறை சாகடித்தேன்.

“ஏன்டா, ஒங்க சித்தப்பா போன மாசந்தானே செத்தாரு?”

“அது பெரியவருங்க. இது சின்னவரு.”

கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். அப்பாவின் வேலையைக் காப்பாற்றுகிற பொறுப்பு அந்த லயத்தில் வேறு எந்தப் பையனுக்கும் இல்லை. எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

அந்த வருஷம் மழை விட்டதும் அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் பந்தலூருக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே ஒரு டியூசன் சென்டர் மாடியில், குடிக்கிறவர்களின் வீட்டு ஆட்கள் மட்டும் கூடிப் பேசுவார்களாம். லயமே சிரித்தது. குடிக்கிறவன் வீட்டில் படுத்திருக்கிறான், குடிக்காதவள் வைத்தியத்துக்குப் போகிறாள் என்றார்கள்.

“அங்க போயி என்னம்மா பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“அவுங்கவுங்க வீட்டுல நடக்குறதச் சொல்லுவோம். ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க.”

இதற்கா டிக்கெட் எடுத்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன்.

அப்படி நாலைந்து வாரம் போயிருப்பாள். ஒரு திங்கட்கிழமை காலையில், “நீ இன்னைக்குப் பெரட்டுக்கு வர வேணாம். ஸ்கூலுக்குக் கெளம்பு” என்றாள்.

“அப்பாவுக்கு யாரு லீவு சொல்றது?”

“அவரு வாயி அவருகிட்டதானே இருக்கு.”

காரணமில்லாமல் வேலைக்கு வராமலிருந்தால் நிறுத்திவிடுவோம் என்று ஆபீசில் ஏற்கெனவே அப்பாவை எச்சரித்திருந்தார்கள். அம்மா கூடையை எடுப்பதற்குள் குறுக்குப் பாதையில் ஓடினேன். மூச்சு வாங்க, “அப்பாவுக்குக் காச்சல்ங்க. நூத்திரெண்டு டிகிரி” என்று அளவும் சேர்த்துச் சொன்னேன்.

கணக்கப்பிள்ளை பேனாவைத் திறந்தார். பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“எழுதாதீங்கண்ணே. காச்சல் இல்ல. நேத்துக் குடிச்சது இன்னும் எறங்கல.”

எங்கள் லயத்து மாமா ஒருவர் வாயைத் திறந்தார். “அந்தக் கூட்டத்துல இதத்தான் சொல்லிக்குடுக்குறாங்களா, புருசன் மானத்த வாங்கச் சொல்லி?”

அம்மா திரும்பினாள். “ஆமா மாமா. வர்ற ஞாயித்துக்கெழம அத்தையையும் அனுப்பி வைங்க. பஸ்சுல எடம் புடிச்சு வைக்கிறேன்.”

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

கணக்கப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். “யோசிச்சுச் சொல்லு தாயி. காச்சல்னா லீவோட போயிரும். குடின்னு எழுதினா ஆபீஸ் வரைக்கும் போகும்.”

“எழுதுங்க” என்றாள். “எம்மவன் இனிமே இதுக்கு வரமாட்டான்.”

எத்தனை பேருக்கு முன்னால் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாள்! ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை. ஆபீசில் அப்பாவுக்குக் கடைசித் தடவை என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் போட்ட சத்தம் பக்கத்து லயம் வரைக்கும் கேட்டது. நான் அவர் பக்கம் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டேன், அம்மா பார்க்க வேண்டும் என்றே.

ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி பஸ்சுக்குக் கிளம்பினாள். அந்த மாமா வீட்டு அத்தையும் வேறெங்கோ போவதுபோல ஸ்டாப்பில் நின்றிருந்தார். அம்மா மறுபடி போன கோபத்தில் அப்பா அன்றைக்கும் குடித்தார்.

திங்கட்கிழமை விடிந்தது. “டேய், போயிக் காச்சல்னு சொல்லுடா” என்றார் அப்பா. நான் எழுந்தேன்.

“ஒக்காரு” என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து சட்டையைத் தேடினார். பட்டனைத் தவறான ஓட்டையில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார்.

அவர் களத்துக்குப் போய்த் தன் வாயாலேயே சொன்னதும், ஆபீசில் வேலையைப் பறிக்காமல் லீவு கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும், அவர் குடியை நிறுத்தியதும், மறுபடி விழுந்ததும், மறுபடி நிறுத்தியதும் எல்லாம் பின்னால் நடந்தவை. தாத்தாவே உங்களுக்குச் சொல்வார்.

அன்று காலையில் நான் பார்த்தது இவ்வளவுதான். அப்பா மூன்று இடத்தில் நின்று நின்று மேடு ஏறினார். ஒரு தடவை தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டார். அம்மா வாசலை விட்டு இறங்கவில்லை. இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போய் ஒரு கை கொடுத்தால் என்ன, இவளுக்கு நெஞ்சே இல்லையா என்று அவள் முதுகையே முறைத்துக்கொண்டிருந்தேன். தள்ளாடாமல் நிற்கிறவள் நிலையை எதற்கு அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.