வட்ட மேசைகளின் கால்கள்

நெரவியிலிருந்து ஸ்கூட்டியில் வரும் அறிவியல் டீச்சர் பிரதீபாவுக்கு எதையும் ‘ஏன்?’ என்று கேட்காமல் விட முடியாது. கல்யாணத்துக்குப் போனாலும் சாப்பாட்டைப் பற்றிப் பேசமாட்டார். எப்படி உட்கார்ந்தவர்கள் அதிகம் பேசினார்கள் என்றுதான் சொல்வார். கணவர் முருகானந்தம் பாவம், பழகிவிட்டார். பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்தும் நானும்தான்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கூடிப் பேசிப் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பெஞ்சுகளை எடுத்துவிட்டு வட்ட மேசையும் ஸ்டூலும் போடத் தலைமையாசிரியர் சோமசேகரன் அரை மனதோடு சம்மதித்தார்.

“அரையாண்டு வரைக்கும் பாப்பேன். சரிப்பட்டு வரலன்னா பழைய பெஞ்ச்தாங்க” என்றார்.

டீச்சர் வெளியே நின்றால் வகுப்பு சந்தை மாதிரி இரையும். மேசைப் பக்கம் போனதுமே எல்லாரும் எழுந்து கைகட்டி நிற்பார்கள். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்வார்கள். மரியாதையாம்! நாங்கள் பழக்கியதுதானே, யாரை நோவது? டீச்சர் மேசைகளை அப்படியும் இப்படியும் நகர்த்திப் பார்த்தார். எனக்கே எரிச்சல் வந்தது. அவருக்கு வரவில்லை.

ஒருநாள், தான் நிற்பதுதான் கோளாறோ என்று தோன்ற, பேசாமல் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். டீச்சர் கீழே இருக்கும்போது பிள்ளைகள் மேலே இருப்பார்களா? மொத்த வகுப்பும் பதறியடித்துத் தரைக்கு இறங்கியது. டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வாரமே ஆசாரியை வரவழைத்து, தரையில் உட்கார்ந்து எழுதும் உயரத்துக்கு மேசைக் கால்களை அறுத்துவிட்டார். தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விஷயம் காதுக்கு எட்டியதும் சார் கோபமாகக் கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். வாசல் வழியே விழுந்த வெயிலைப் பிள்ளைகள் கண்ணாடியில் வாங்கிச் சுவரில் அடித்துக்கொண்டு, கோணம் சரியா தப்பா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சரும் அவர்களோடு தரையில் இருந்தார். சார் வாசலில் வந்து நின்றார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. டீச்சர் முகம் வெளுத்தது.

தமிழ்மொழி என்றொரு பெண். எது கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்வாள். டீச்சர் பேசவைக்கத் தவித்ததே அவளைத்தான். அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

“சார், கொஞ்சம் நகருங்க. வெயில மறைக்கிறீங்க.”

சார் நகர்ந்தார். சற்று நேரம் சுவரையே பார்த்தார்.

“அந்தக் கோணம் தப்பும்மா” என்றார்.

“இல்ல சார், சரிதான்” என்றாள் தமிழ்மொழி. “நீங்களே உக்காந்து பாருங்க.”