அனுமதிக்கப்பட்ட விமானம்

என் மகளுக்குப் பதினோரு வயது. பேச்சு அதிகம் இல்லை. கைவசம் இருக்கும் கொஞ்சம் சொற்களை வைத்தே எங்கள் இரண்டு பேரையும் மேய்த்துவிடுவாள். ஆட்டிசம் என்று மருத்துவர்கள் பெயர் சொன்னார்கள். பெயர் தெரிந்ததால் எங்களுக்குப் பாரம் ஒன்றும் குறையவில்லை. அவளுக்கு உலகத்தில் எது நடந்தாலும் சரி, அது போன வாரம் நடந்த வரிசையிலேயே நடக்க வேண்டும். வரிசை கலைந்தால் சுவரில் தலையை முட்டிக்கொள்வாள்.

எனக்குச் சம்பளம் கொடுப்பது தி.நகரில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனம். வேலையோ புனேயில், ஒரு வாடிக்கையாளரின் தொழிற்சாலைக்குள். திங்கட்கிழமை போய் வெள்ளிக்கிழமை திரும்ப வேண்டும். நான் இல்லாத நாட்களை மகள் ஏற்றுக்கொள்ள எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஒருவழியாக ஏற்றுக்கொண்டாள், அவள் போட்ட நிபந்தனைகளின்படி.

திங்கட்கிழமை காலை இட்லி சாப்பிட்டு முடித்ததும் என் பெட்டியின் ஜிப்பை அவள்தான் மூட வேண்டும். வேறு யார் கை வைத்தாலும் திறந்துவிட்டு முதலிலிருந்து மூடுவாள். அப்புறம் வாசலில் ஆட்டோ வரை வந்து ஒரே ஒரு முறை "டாட்டா" சொல்வாள். நான் போனதும் அம்மாவோடு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவாள். எங்கள் மந்தைவெளி வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அடையாறு பக்கம் விமானங்கள் எழும்பிக் கடலை நோக்கிப் போவது தெரியும். எது முதலில் வருகிறதோ அதைக் காட்டி "அதோ அப்பா" என்பாள் என் மனைவி. அது துபாய்க்குப் போகிற விமானமாகக்கூட இருக்கலாம், யார் கண்டது? மகள் அது மறையும் வரை பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் பள்ளிக்கூட உடுப்பைப் போட்டுக்கொள்வாள். வெள்ளிக்கிழமை நான் வந்ததும் அதே ஜிப்பை அவளே திறந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போடுவாள். மூடினால் அப்பா போயாச்சு, திறந்தால் அப்பா வந்தாச்சு. அவ்வளவுதான் கணக்கு. சட்டைகளை மறுபடி மடித்து வைப்பது என் தலையெழுத்து, அதில் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

இதெல்லாம் நடந்தது காலையில் சாவகாசமாகக் கிளம்பும் ஒரு விமானத்தின் தயவில். அந்தத் தயவு ஒரு மின்னஞ்சலோடு முடிந்தது.

பயணக் கொள்கையில் மாற்றம் என்று வந்திருந்தது. நிறுவனம் ஒரே ஒரு விமான சேவையோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறதாம். இனி எல்லோரும் அதில்தான் போக வேண்டும். குறிப்பிட்ட பதவிக்கு மேல் இருப்பவர்கள் மட்டும் விருப்பப்பட்டதில் போகலாம். அந்தப் பதவிக்கு மேல் இருப்பவர்கள் எங்கேயும் போவதில்லை என்பது வேறு விஷயம். அந்தச் சேவையில் புனேக்கு இரண்டு விமானங்கள்தான், ஒன்று விடிவதற்கு முன்னால், இன்னொன்று மாலையில். ஞாயிறு மாலையே போய்விடலாம் என்றால் கூடுதலாக ஓர் இரவு ஓட்டலில் தங்கக் கொள்கை இடம் கொடுக்காது. திங்கள் மாலை போகலாம் என்றால் வாடிக்கையாளர் இடம் கொடுக்கமாட்டார். ஆக, மகள் எழுவதற்கு முன் நான் வீட்டைவிட்டுப் போயாக வேண்டும்.

டிராவல் டெஸ்க்கில் டிக்கெட் போடும் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசினேன்.

"புரியுது சார். ஆனா உங்க லாகின்ல மத்த ஃப்ளைட் எல்லாம் மங்கலாத்தான் சார் தெரியும். என்னால கிளிக்கே பண்ண முடியாது. அப்ரூவல் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க சார், உடனே போட்டுத் தர்றேன்."

பாவம், அவள் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அப்ரூவலுக்காக மனிதவளத் துறை அதிகாரியின் அறைக்குப் போனேன். என்னைவிட ரொம்பச் சின்னவர், மரியாதைக்குக் குறைவே இல்லை. காபி வரவழைத்தார்.

"உங்களுக்கு ஏதாவது மெடிக்கல் இஷ்யூ இருக்கா சார்? இருந்தா எக்ஸப்ஷன் கொடுக்கலாம்."

"எனக்கு இல்ல. என் பொண்ணுக்கு."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இட்லி, ஜிப், மொட்டை மாடி எல்லாம். ஓர் அலுவலக அறையில் உட்கார்ந்து அதைச் சொல்லும்போது எனக்கே ஏதோ விளையாட்டுச் சமாச்சாரம் போலப் பட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆனா டிராவல் பண்றது அவங்க இல்லையே சார்."

காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

என் கைக்காசைப் போட்டுப் பழைய விமானத்திலேயே ஒரு முறை போனேன். அடுத்த நாளே கடிதம் வந்தது. பணிக்காகப் பயணம் செய்பவர் நிறுவனம் போட்ட டிக்கெட்டில்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் காப்பீடு செல்லாது, மறுபடி நடந்தால் ஒழுங்கு நடவடிக்கை. வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்திருக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஐம்பதை நெருங்குகிறவனை எவன் கூப்பிட்டு வேலை கொடுக்கிறான்? மகளின் சிகிச்சையும் அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

முதல் வாரம் அவள் எழுந்து பார்த்தபோது நானும் இல்லை, பெட்டியும் இல்லை. அன்று நெற்றி கிழிந்து தையல் போட்டார்கள். மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "என்னால முடியலங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் தொழிற்சாலையின் கழிப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அப்போதுதான் நாங்கள் இருவரும் சேர்ந்து அந்த வழியைக் கண்டுபிடித்தோம். திங்கள் காலையை ஞாயிறு மாலைக்கு மாற்றிவிடுவது. மாலையில் இட்லி, பிறகு ஜிப், ஆட்டோ, டாட்டா. நான் பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். அவள் மாடி ஏறி விளக்கு மின்னும் ஒரு விமானத்தைப் பார்த்துவிட்டுத் தூங்கியதும் மனைவி செய்தி அனுப்புவாள். நான் வீட்டுக்கு வந்து முன்னறையில் கொஞ்சம் முதுகைச் சாய்த்துவிட்டு, விடியுமுன் கிளம்பிப் போய்விடுவேன். விமான நிலைய நாற்காலியில் இரவு முழுவதும் உட்கார முதுகு ஒத்துழைக்கவில்லை.

நம்பவே முடியவில்லை, அது பலித்தது. மகள் இரண்டொரு வாரம் சிணுங்கிவிட்டு ஒப்புக்கொண்டாள். எனக்கு நிறுவனத்தையே ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு திமிர்கூட வந்தது. ஏமாற்றியது யாரை என்று அப்போது யோசிக்கவில்லை.

பட்டினப்பாக்கத்தில் சாலையோரம் மீன் விற்கும் ஓர் அம்மாவுக்கு நான் வேடிக்கைப் பொருள் ஆனேன்.

"இன்னா நைனா, வாரா வாரம் பொட்டியும் கையுமா வந்து குந்திக்கினு கீற? வூட்ல தொரத்திட்டாங்களா?"

"பொண்ணு தூங்கணும்மா. தூங்கினதும் போவேன்."

"பெத்த பொண்ணுக்குப் பயந்துகினு கீறியா? நல்லா கீது உன் கத."

அந்த அம்மா சிரிப்பாள், நானும் சிரிப்பேன்.

மனைவியின் அக்கா அடையாறில் இருக்கிறாள். எங்கள் ஏற்பாடு அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் ஊருக்கே அறிவுரை சொல்வாள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் அவள் காரில் வந்திருக்கிறாள். மகளுக்குக் கார் என்றால் உயிர். "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிட்டு வரேன்" என்று ஏற்றிக்கொண்டாள். மாடி ஏறி விமானம் பார்க்க இன்னும் இருட்டவில்லை, வழக்கம்போல ராஜா அண்ணாமலைபுரத்தைச் சுற்றிவிட்டு வந்துவிடுவார்கள் என்று மனைவியும் விட்டுவிட்டாள். அக்காவுக்கோ வழியில் மீன் வாங்கும் யோசனை வந்திருக்கிறது.

இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் வறுத்த நெத்திலியைத் தின்றுகொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிரே என் மகள் நிற்கிறாள்.

"என்ன தம்பி, இங்க உக்காந்திருக்கீங்க? ஃப்ளைட் லேட்டா?" என்று பின்னாலேயே வந்தாள் அக்கா.

மகள் என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். கத்துவாள் என்று எழுந்து கையை நீட்டினேன். அவள் கத்தவில்லை. மணலில் மண்டியிட்டு ஜிப்பைத் திறந்தாள். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மணலில் போட்டாள். எல்லாம் போட்டு முடித்ததும் முகமெல்லாம் மலர்ந்து, என் விரலைப் பிடித்துக் கார் பக்கம் இழுத்தாள். அவளைப் பொறுத்தவரை அப்பா வந்தாச்சு, அன்று வெள்ளிக்கிழமை. மீன்காரம்மா எழுந்து வந்து சட்டைகளை உதறிப் பெட்டிக்குள் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் திங்களன்று விடுப்பு கேட்டு மேலாளருக்கு எழுதினேன். வாடிக்கையாளர் தலைமையகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், முடியவே முடியாது என்றார். அந்தப் பழைய காலை விமானத்திலாவது போகிறேன் என்றேன். அதெல்லாம் தன் கையில் இல்லை என்றார். ஜிப்பை மறுபடி மூடச் சொல்லி மகளிடம் பெட்டியை நகர்த்தினேன். வெள்ளிக்கிழமை யாராவது பெட்டியை மூடுவார்களா? என் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். விடியுமுன் நானே மூடிக்கொண்டு போனேன்.

காலையில் மனைவி பேசினாள். மகள் தலையை முட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. அதைக் கேட்டு எனக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"வீடு பூரா உங்களைத் தேடறா" என்றாள் மனைவி. "பாத்ரூம்ல பாக்கறா, கட்டிலுக்கு அடியில பாக்கறா. பீரோவத் தொறந்து புடவையெல்லாம் எடுத்துப் போட்டுட்டுப் பாக்கறா. அப்பா புனே போயிட்டாருன்னு சொன்னா என்னைத் தள்ளிவிடறா."

வந்துவிட்ட அப்பா வீட்டில்தானே இருக்க வேண்டும். டாட்டா சொல்லி வழியனுப்பிய அப்பா கடற்கரையில் உட்கார்ந்து நெத்திலி தின்றதைக் கண்ணால் பார்த்தவள், போயிட்டார் என்று யார் சொன்னாலும் எதற்கு நம்ப வேண்டும்? செவ்வாயும் புதனும் அதே தேடல். பள்ளிக்கூடம் போகவில்லை. வீடியோ அழைப்பில் என் முகத்தைக் காட்டியபோது போனைத் திருப்பி அதன் பின்பக்கம் பார்த்தாளாம். சாப்பாட்டைத் தொடவில்லை, தண்ணீர் மட்டும் குடித்தாள்.

வியாழக்கிழமை டிராவல் டெஸ்க்கிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. புதிய விமான சேவையில் தங்கள் பயண அனுபவம் எப்படி இருந்தது, நட்சத்திரம் கொடுங்கள். ஆத்திரத்தில் என்னென்னவோ அடித்தேன், எல்லாவற்றையும் அழித்தேன். கடைசியில் விமானத்தின் மேல் என்ன குற்றம் என்று தோன்றிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை விமானத்தில் வந்து இறங்கி ஆட்டோ பிடித்து வந்தேன். மனைவி கதவைத் திறந்தாள், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மகள் உள்ளறையில் பீரோ முன்னால் இருந்தாள். நான் பெட்டியோடு ஓடிப்போய் அவளுக்கும் பீரோவுக்கும் நடுவில் மண்டியிட்டேன்.

"அப்பா வந்துட்டேன்டா கண்ணு. இங்க பாரு, அப்பா."

அவள் என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். பெட்டியின் ஜிப்பைத் தொடவில்லை. பிறகு கதவை மறைத்துக்கொண்டிருந்த என் தோளில் கை வைத்து ஒருபக்கமாக நகர்த்திவிட்டு, பீரோவைத் திறந்து அப்பாவைத் தேடினாள்.