ஒத்திகை பார்த்த இடது கை

மூடியே கிடக்கும் உள்ளங்கைக்குத் தயிர் புளித்தாற்போல ஒரு வாசம் உண்டு. பிள்ளையார்பாளையத்து வீட்டில் காலைத் தறிச் சத்தம் தொடங்குவதற்கு முன்பே அம்மா என் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஈரத்துணியால் துடைத்து, பவுடர் போட்டுவிடுவாள். பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் அந்தக் கை என் பேச்சைக் கேட்காது. 'பெருமூளை வாதம்' என்ற பெயரைப் பிற்பாடுதான் கற்றேன். எங்கள் தெருவில் அதற்குச் 'சோம்பேறிக் கை' என்று பெயர்.

வாராவாரம் பயிற்சிக்குப் போகும் பெரிய காஞ்சிபுரத்துச் சிகிச்சை அறையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெரபிஸ்ட் மேடம், மூடி போட்ட டப்பா, கோக்கிற மணி, சாவி கொடுத்தால் ஓடும் வாத்து எல்லாவற்றையும் பரப்பி என்னை விளையாடவிட்டுக் கேமராவில் பிடிப்பார்; யாரும் சொல்லாமலே என் இடது கை வலது கைக்கு எவ்வளவு ஒத்தாசை செய்கிறது என்று பார்த்து மார்க் போடுவார். "தானா வரணும்மா, நீங்க வாயே திறக்கக் கூடாது" என்பார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கண்ணால் மிரட்டுவாள்.

எனக்கு ஏழு வயதில், தொடர்ந்து இரண்டு முறை அந்த மார்க் நகரவே இல்லை. ஷேர் ஆட்டோவில் அம்மா வழியெல்லாம் அழுதாள், பக்கத்தில் இருந்தவர்கள் பார்ப்பதைக்கூடப் பொருட்படுத்தாமல். மறுநாளே கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் அதே மாதிரி டப்பா, மணி, வாத்து வாங்கி வந்தாள். பரீட்சை என்றால் படிக்கவைக்க வேண்டியதுதானே! "அடிமேல அடி அடிச்சா அம்மியே நகருது, உன் கை நகராதா? அமுக்கிப் புடி கண்ணு" என்று அடுத்த பரீட்சைக்கு முந்தைய ஒரு மாதம் தினமும் ஒத்திகை. நானும் மாய்ந்து மாய்ந்து கற்றேன். அம்மா இன்னொரு முறை ஆட்டோவில் அழக்கூடாது, அவ்வளவுதான் என் வேண்டுதல்.

அடுத்த முறை வெளுத்து வாங்கினேன். மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சூப்பர்மா! கை இவ்ளோ நல்லா வந்துட்டா இனிமே வாராவாரம் பயிற்சிக்கு வர வேணாம். வருஷத்துக்கு ஒரு தடவ பாத்தா போதும்."

அம்மாவும் சிரித்தாள். மறுகணமே முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ மேடம், அதெல்லாம் பொய்! ஒரு மாசமா நான்தான் சொல்லிக் குடுத்துக்கினு இருந்தேன். பயிற்சிய நிறுத்திடாதீங்க மேடம்!"

நான் கூனிக்குறுகிப் போனேன். மேடம் திட்டவில்லை. பொம்மைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, "அழாத பாப்பா, சாப்புடு" என்று என் மடியில் வைத்தார். விசும்பிக்கொண்டே அதை இடது மணிக்கட்டால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது கையால் தோலை உரித்தேன். அப்படிச் செய்ததே எனக்குத் தெரியாது.

"இதாம்மா பாப்பாவோட கை" என்றார் மேடம்.

"இவ்ளோதானா மேடம்?"

"இவ்ளோ இருக்குதும்மா."

பயிற்சி தொடர்ந்தது, மார்க் இன்னும் கொஞ்சம் ஏறி, என் பன்னிரண்டு வயதில் அதற்குமேல் நகராமல் நின்றுவிட்டது. அந்த அறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மேடம் எந்த ஊரில் இருக்கிறாரோ. என் கை ஒருநாள் முழுதாகத் திறந்துகொள்ளும் என்ற அம்மாவின் நம்பிக்கையும் எப்போதோ போய்விட்டது. என்றைக்குப் போனது என்று அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்கு அதில் வருத்தமே இல்லை என்றால் பொய். ஆனால் தெருவில் எப்போதும் சுற்றி வந்து என் வலது கையையே தேடிப் பிடிப்பவள், போன வாரம் ராஜவீதியைக் கடக்கும்போது கிட்டே இருந்த இடது கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். மூடிய கையை மூடியபடியே தன் கைக்குள் வைத்துக்கொண்டு, குறுக்கே வந்த பைக்காரனைத் திட்டிக்கொண்டே என்னை இழுத்துக்கொண்டு போனாள்.