படத்தைப் பார்த்து ஐந்து வரி

முப்பத்தொன்பது வயதில் ஒருத்தி பார்க்கக்கூடாத வேலை ஒன்று உண்டென்றால் அது மாணவி வேலைதான். சம்பளம் கிடையாது, முட்டி வலிக்கும், பக்கத்து பெஞ்சில் இருப்பது நம் மகள் வயசுப் பெண்.

செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் பதினெட்டு வருஷமாக ஆடு வாங்கி விற்கிறேன். படிப்பு எட்டாவதோடு நின்றது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை காலியாகப் போகிறது என்று தெரிந்து, பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதினேன். நாலு பாடம் முதல் தடவையே பாஸ். இங்கிலீஷ் மூன்று தடவை பெயில். அந்த வேலைக்கு நாற்பது வயசுக்குள் இருக்க வேண்டும். வயசு தாண்டுவதற்குள் எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு பரீட்சை. அதனால்தான் பஸ் ஸ்டாண்டு பின்னால், உரக்கடை மாடியில் இருக்கும் டுடோரியலில் சேர்ந்தேன். என் மாதிரி சேர்ந்து அவதிப்பட்டவர்கள் இதை மேலே படிக்கலாம். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

காணாமல் போன தழும்பு

பரீட்சை விண்ணப்பத்துக்கு ஃபோட்டோ கேட்டார்கள். ஸ்டுடியோக்காரர் எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தேன். சினிமாக்காரி மாதிரி யாரோ ஒருத்தி இருந்தாள். கன்னமெல்லாம் வெள்ளை. இடது புருவத்துக்கு மேலே கிடா முட்டிய தழும்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தார்.

அங்க அடையாளம் என்று விண்ணப்பத்தில் நான் எழுதி வைத்ததே அந்தத் தழும்பைத்தான். "இன்னாய்யா இது? தழும்பு இருக்குதுன்னு நான் எழுதிக் குடுக்கறேன், இல்லேன்னு நீ ஃபோட்டோ குடுக்கற. ஹால்ல என்னிய எவன் உள்ள வுடுவான்?" என்று கடை அதிரக் கத்தினேன். வெளியே பேருந்துக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மறுபடியும் எடுத்துக் கொடுத்தார். ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்: "தழும்ப எடுத்ததுக்குத் தனியா காசா கேட்டேன்? நல்லது செஞ்சாலும் கோச்சுக்கறியேக்கா!"

பச்சைக் கோட்டை

எங்கள் மிஸ் பெயர் கவிதா. இருபத்தைந்து வயசு இருக்கும். பொறுமை எழுபது வயசுக்கு உண்டானது. படத்தைப் பார்த்து ஐந்து வரி எழுதும் கேள்விக்கு மார்க் சுலபமாக வரும் என்று, முதல் நாளே செஞ்சிக் கோட்டைப் படத்தைப் பலகையில் ஒட்டினார். தெரிந்த இடமாக இருந்தால் வாய் தானாகத் திறக்கும் என்ற நினைப்பு.

நான் படத்தையும் பார்த்தேன், ஜன்னலையும் பார்த்தேன். படத்தில் மலை பச்சைப் பசேல் என்று இருந்தது. ஜன்னலில் அதே மலை வெயிலில் வெறும் பாறையாகக் காய்ந்து கிடந்தது. சந்தைக்கு வரும் ஆட்டுக்கு, கொழுத்துத் தெரிய, உப்புத்தண்ணீர் காட்டி வயிற்றை உப்ப வைத்துக் கொண்டுவருவார்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். எழுந்து சொன்னேன்: "மிஸ்ஸு, இது மழை பேஞ்சு ஓஞ்ச மாசத்துல எடுத்தது. இதக் காட்டி வெயில் காலத்துல ஆளக் கூப்புடறாங்க. படி எத்தினின்னு காட்டல, குடிக்கத் தண்ணி எங்க இருக்குதுன்னு காட்டல. குறையெல்லாம் மறைச்சு வெச்ச படம்." அத்தனையையும் எழுத எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது வேறு விஷயம்.

வகுப்பு சிரித்தது. மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, கோட்டைய நாம வாங்கப் போறதில்ல. பியூட்டிஃபுல்னு எழுதிட்டு உக்காருங்க."

பேங்க் மேனேஜர் மகள்

அடுத்தது "என்னைப் பற்றி". கைடில் அச்சடித்திருப்பதை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டும். அதன்படி எனக்கு வயது பதினைந்து. வீட்டில் தோட்டம் உண்டு. டாமி என்று ஒரு நாய் உண்டு. வருங்காலத்தில் டாக்டராகி ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறேன். "ஆட்டு யாபாரின்னு எழுதக்கூடாதா மிஸ்?" என்று கேட்டதற்கு, "எழுதலாங்க்கா. ஆனா பரீட்சையில ஒரு எழுத்து மறந்தா எல்லாம் போயிடும். இது முப்பது வருஷமா பாஸாகுற கட்டுரை" என்றார்.

சரி என்று வீட்டில் சாணி வழித்துக்கொண்டே உருப்போட்டேன். "மை ஃபாதர் இஸ் எ பேங்க் மேனேஜர்" என்ற வரி வரும்போதெல்லாம் நாக்கு நின்றது. என் நைனா அனந்தபுரம் பக்கம் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, களை வெட்டியவர். செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. பேங்க் வாசலில் நின்றதோடு சரி, உள்ளே போகக் கூச்சப்படுவார். இங்கிலீஷில் மட்டும் அவர் உயிரோடு இருந்தார், ஃபேன் காற்றில் உட்கார்ந்திருந்தார். வகுப்பில் ஒப்பிக்கும்போது அந்த இடத்தில் குரல் உடைந்துவிட்டது. எனக்கே எரிச்சல். பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த வல்லத்துப் பெண் ரேவதி, பதினேழு வயசு, என் கையைத் தட்டிச் சொன்னாள்: "வுடுக்கா. எங்க நைனாவும் அதே பேங்க்லதான் மேனேஜரா இருக்கறாரு."

மாடிப்படியில் நின்றது

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைப் படத்தைக் காட்டி நடிக்கச் சொன்னார் மிஸ். ரேவதி கடைக்காரி, நான் பேனா வாங்க வந்தவள். புத்தகத்தில் கடைக்காரி ஐம்பது ரூபாய் என்கிறாள். வாங்குகிறவள் சந்தோஷமாக எடுத்து நீட்டி, தேங்க் யூ சொல்லிவிட்டுப் போகிறாள்.

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்கிறவளைப் பெற்றவள் எவள்? "ட்வென்டி!" என்றேன். ரேவதி புத்தகத்தைப் பார்த்து, "ஃபிஃப்டி" என்றாள். "ட்வென்டி!" மறுபடியும் "ஃபிஃப்டி". உடனே நான் சந்தையில் செய்வதைச் செய்தேன். விருட்டென்று திரும்பி வெளியே நடந்தேன். வாசலைத் தாண்டி நாலு படி இறங்கி நின்றேன். பத்து எண்ணுவதற்குள் விற்கிறவர் கூப்பிட்டாக வேண்டும், அதுதான் முறை.

யாரும் கூப்பிடவில்லை. ஐம்பது எண்ணினேன். நூறு எண்ணினேன். நானாகத் திரும்பிப் போனால் பேரம் தோற்றதாக ஆகிவிடும். கீழே உரக்கடைக்காரர், "இன்னாம்மா, மயக்கமா?" என்று சோடா எடுத்து நீட்டினார். பிறகுதான் மிஸ் வந்து எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. "அக்கா, புத்தகத்துல யாரும் திரும்பக் கூப்புட மாட்டாங்க. நீங்களே உள்ள வந்துடுங்க."

துண்டுக்கு வெளியே

சந்தையில் ஆம்பிளைகள் துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. பொம்பளை கையைப் பிடித்து அப்படிப் பேச முடியாதாம். அதனால் நான் மட்டும் நாலு பேர் கேட்க வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதும் பக்கத்தில் விற்கிறவன் அதைவிடக் குறைத்து விலை சொல்வான். நான் அவன் வம்சத்தையே இழுப்பேன். பதினெட்டு வருஷம் இப்படிக் கத்தித் தொண்டை கட்டிப் போயிற்று. கோபக்காரி என்று பேர் வந்ததும் இப்படித்தான். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளைகள் தலையை எண்ணி, மெதுவாகப் பேசுகிற வேலை ஒன்று வேண்டும் என்றுதான் இந்தப் பாடெல்லாம். இதை வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை.

பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, சம்பந்தம் என்ற இன்னொரு வியாபாரி என் பையில் கைடு இருப்பதைப் பார்த்துவிட்டார். சத்துணவு வேலைக்குத்தான் படிக்கிறேன் என்று கூட்டத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். வழக்கம்போல் அவர் மேல் பாயப் போனவள், கைடைப் பையின் அடியில் திணித்தேன். அவர் விடவில்லை: "அங்க முட்டைய அரசாங்கம் எண்ணிக் குடுத்துடும். நீ யாராண்ட பேரம் பேசுவ? ஒரே வாரத்துல சீக்கு வந்து படுத்துடுவம்மா!"

கறுப்புப் படம்

பரீட்சையில் மற்றதெல்லாம் அரைகுறை. படக் கேள்வியைத்தான் நம்பியிருந்தேன். மரம் நடுதல், போக்குவரத்து நெரிசல், வெள்ளம் என்று பன்னிரண்டு படத்துக்கு வரி வைத்திருந்தேன். தாளைத் திருப்பினால் படம் இருந்த இடத்தில் ஒரே மை. கறுப்புக்குள் கறுப்பு. "சார், இது இன்னா படம்?" என்றேன். "நான் சொல்லக்கூடாதும்மா" என்று ஹால் சூப்பர்வைசர் நகர்ந்துவிட்டார்.

பன்னிரண்டில் எதை எழுதினாலும் பொய்யாகிவிடும் போலிருந்தது. கோபம்கூட வரவில்லை, அசதிதான் வந்தது. தாளைக் கண்ணருகே வைத்து வெகு நேரம் பார்த்தேன். பிறகு தெரிந்ததை எழுதினேன். படம் தெளிவாக இல்லை. யாரோ நிற்கிறார்கள். பெண் என்று நினைக்கிறேன். அவள் ரொம்ப நேரமாக நிற்கிறாள். அவளுக்கு ஒரு நாற்காலி வேண்டும். மனப்பாடம் செய்யாமல் நான் எழுதிய முதல் இங்கிலீஷ் அதுதான். வெளியே வந்தால் ஒருத்தன் அது நாற்று நடுவது என்றான், இன்னொருத்தி தேர்த் திருவிழா என்றாள். ரேவதி மரம் நடச் சொல்லி எழுதியிருந்தாள். நான் வினாத்தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

முப்பத்தேழு மார்க் வந்தது. முப்பத்தைந்துக்கு மேலே இரண்டு. நாற்பது வயசு ஆக இன்னும் மூன்று மாதம் இருந்தது. சத்துணவு வேலைக்கு மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு, பூந்தியும் அந்த வினாத்தாளும் எடுத்துக்கொண்டு மிஸ் வீட்டுக்குப் போனேன். "இப்பவாச்சும் சொல்லு மிஸ்ஸு, இது இன்னா படம்?" அவர் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கினார், சாய்த்தார், தலைகீழாகத் திருப்பினார். "எனக்கும் தெரியலக்கா."

கண்ணால் பார்த்த ஆட்டைக்கூட நம்பாமல் பதினெட்டு வருஷம் பிழைத்த நான், என்னவென்றே தெரியாத ஒரு மைக்கறைக்குள் கால் வலிக்க ஒருத்தி நிற்கிறாள் என்று நம்பி எழுதித்தான் பாஸானேன் என்பதைத் தயவுசெய்து சந்தையில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.